துப்பாக்கி இல்லாத விளம்பரம்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

வருஷா வருஷம் காலண்டர் கம்பெனிக்காரர்கள் எனக்கு ஒரு டைரி அனுப்புகிறார்கள். இதுவரை அதை வைத்துக் கொசுதான் அடித்திருக்கிறேன். போன வாரம் டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "கோபம் வந்தா வாயைத் திறக்காதீங்க, எழுதி வைங்க" என்றார். சரி, எழுதுகிறேன். பெயர் குற்றாலலிங்கம். பாளையங்கோட்டையில் ஃபிளெக்ஸ் கடை. காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு, எது கேட்டாலும் டீ ஆறுவதற்குள் டிசைன் போட்டுவிடுவேன். கோபமும் அதே வேகத்தில் வரும்.

காலையில் முதலில் என் பிரிண்டிங் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூசணிக்காய். பிறகு பக்கத்துப் பாத்திரக் கடையின் மாடிக்குப் போய், வடிவின் துப்பாக்கிகளுக்கும் அதே மரியாதை. வடிவு என் மனைவி. காலேஜில் என்.சி.சி.யில் சுட்டு மெடல் வாங்கியவள். கல்யாணம், பிள்ளை, வீடு என்று எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு மறுபடியும் துப்பாக்கியைத் தூக்கி, பயிற்சியாளர் பரீட்சையும் எழுதி, போன வருஷம் அந்த மாடியில் பெண்களுக்கு ரைஃபிள் வகுப்பு திறந்தாள். போட்டிகளில் சுடுவார்களே, அந்த ஏர் ரைஃபிள். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அட்டை நடுவில் கறுப்பு வட்டம், அவ்வளவுதான் சமாச்சாரம். படிக்க வருவது இரண்டே பேர். அதில் ஒருத்தி கல்யாணமாகி துபாய் போகிறாள்.

மாடியின் சொந்தக்காரர் நமச்சிவாயம் அண்ணாச்சி, கீழே பாத்திரக் கடை வைத்திருப்பவர், பூஜைக்கு வந்து சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"வே லிங்கம், மேல ஆள் நடமாட்டமே இல்லாம மாடி பூட்டிக் கெடந்தா கீழ யாவாரம் படுத்துரும்வே. டிபன் சென்டர்காரன் ஒருத்தன் மாடியக் கேக்கான். பொங்கலுக்குள்ள உம்ம வீட்டுக்காரி வகுப்பு நெறஞ்சிச்சுன்னா பாப்போம். இல்லன்னா அவனுக்கு விட்ருவேன்."

வடிவு அவருக்கு இன்னும் கொஞ்சம் சுண்டல் வைத்தாள். ஊரில் சுடுவதற்கு வேறு இடம் கிடையாது. நீளமான, தூண் இல்லாத, சுவர் கெட்டியான மாடி இது ஒன்றுதான்.

நான் சும்மா இருப்பேனா. சந்தனம் வைத்து மாலை போட்ட துப்பாக்கிகளைப் படம் எடுத்து, 'ஆயுத பூஜை நல்வாழ்த்துகள். வடிவு ரைஃபிள் பயிற்சி மையம். பெண்களுக்கு மட்டும்' என்று போட்டு, எல்லாரும் போனில் கதியாய்க் கிடக்கிறார்களே, அந்தத் தளத்தில் விளம்பரமாக ஏற்றிவிட்டேன். நாளைக்கு மாடிப்படி தேய்ந்துவிடும்.

அக்டோபர் 2, வியாழன்

விளம்பரம் நிராகரிக்கப்பட்டது. 'ஆயுதங்களை ஊக்குவிக்கும் உள்ளடக்கம்.' அதோடு விட்டார்களா. என் ஃபிளெக்ஸ் கடை பக்கத்தையும் சேர்த்து முடக்கிவிட்டார்கள். அதில் நான் போட்டிருந்தது பூசணிக்காய் படம்.

பூசணிக்காய் ஆயுதமா என்று நான் கத்த, வடிவு சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, பூஜை போட்டது நமக்குத் தெரியும். வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? மாலை போட்டு வரிசையா வச்சிருக்கீய, அவன் ஏதோ விக்கோம்னு நெனச்சிருப்பான்."

"அதுக்காக?"

"நல்ல ரூல்தான. போன்ல கண்டவனும் துப்பாக்கி வித்தா நாடு உருப்படுமா? நான் அந்த எடத்துல இருந்தாலும் இதத்தான் செய்வேன்."

இவளுக்காக நான் சண்டை போடுகிறேன். இவள் எதிர்க்கட்சி வக்கீலாக நிற்கிறாள்.

அக்டோபர் 4, சனி

மேல்முறையீடு எழுதினேன். நியாயமாக, விரிவாக, நம் பண்டிகையை விளக்கி, என்.சி.சி. மெடலையும் படமெடுத்து இணைத்து. அனுப்பிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. படித்திருக்கவே முடியாது. மறுப்பு. மெஷின்தான் பதில் போடுகிறது. அதற்குத் திருவாளர் மறுப்பு என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைத்தால்தான் திட்ட வசதி.

பாத்திரக் கடை வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்று பார்த்தால், அண்ணாச்சி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "சீர்வரிசை எடுக்க வார பொண்ணு வீட்டுக்காரன் துப்பாக்கிப் படத்தப் பாத்தா உள்ள வருவானா?" அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லாரும் நியாயமாகவே பேசினால் நான் எங்கே போவது.

அக்டோபர் 11, சனி

திருவாளர் மறுப்பைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்து, வடிவு குறி பார்த்து நிற்கும் ஒரு படத்தை எடுத்து, துப்பாக்கியை அழித்துவிட்டு, போன பொங்கல் வாழ்த்து ஃபிளெக்ஸுக்கு வெட்டி வைத்திருந்த கரும்புப் படத்தை அந்த இடத்தில் ஒட்டினேன். தோகையோடு. வடிவு ஒரு கண்ணை மூடிக் கரும்பால் குறி பார்க்கிறாள். கடைப் பக்கம்தானே முடக்கம், என் சொந்தக் கணக்கில் ஏற்றினேன்.

நிராகரிக்கப்பட்டது. 'ஆயுதங்கள்.'

முருங்கைக்காய் வைத்தேன். நிராகரிப்பு. குடை வைத்தேன். நிராகரிப்பு. நிற்கிற தோரணையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறது. கெட்டிக்காரப் பயல். சாயங்காலம் வடிவிடம் எல்லாப் படத்தையும் காட்டினேன். முருங்கைக்காய்ப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அதைத்தான் இப்போது போனைத் திறந்ததும் தெரிகிற படமாக வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தெருவில் சின்னப் பயல்கள் எல்லார் கையிலும் பொட்டு வெடித் துப்பாக்கி. அதைப் படமெடுத்து யாராவது விளம்பரம் போட்டுப் பார்க்கட்டும். அதிரசம் நன்றாக வந்தது. நாலு தின்றேன், டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

நவம்பர் 3, திங்கள்

கடைப் பக்கத்தின் முடக்கம் நீங்கியது. இந்தத் தடவை மூளையை உபயோகித்தேன். உதயசூரியன் பின்னால் வந்தால் கட்சி என்பார்கள், அதனால் தாமரைக் குளம். அதுவும் கட்சிதான் என்று பிறகு தோன்றி, ஓர் அன்னப்பறவை. 'மனதை ஒருமுகப்படுத்தும் அபூர்வப் பயிற்சி. பெண்களுக்கு மட்டும். முதல் வகுப்பு ஞாயிறு காலை.' ஏற்றினேன். உடனே பச்சை விளக்கு. பொய் ஒன்றும் இல்லை. சுடுவதற்கு மனம் ஒருமுகப்படத்தானே வேண்டும்.

"விளம்பரம் பாஸ் ஆயிட்டு" என்று மட்டும் வடிவிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து மற்றதைச் சொல்ல மறந்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலேயே மாடிப்படியில் செருப்புகள். நான் கடை வாசலில் நின்று எண்ணிப் பார்த்து மகிழ்ந்தேன். ஒவ்வொருவரும் அக்குளில் ஒரு பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஏறினார்கள். ஓர் அம்மாள் சுருதிப் பெட்டியே கொண்டுவந்திருந்தார். 

பிறகு வடிவு சொல்லித்தான் தெரியும். எல்லாரும் பாயை விரித்து, கண்ணை மூடி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்து சுடுகிற முறை கிடையாதே என்று யோசித்தபடி இரும்பு பீரோவைத் திறந்து ரைஃபிளை எடுத்துத் திரும்பியிருக்கிறாள். அந்தச் சமயம் பார்த்து ஒரு பெண் கண்ணைத் திறந்திருக்கிறார்.

அவர் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி கடையில் ஓர் அண்டா உருண்டது. படி முழுக்க ஓட்டம். அண்ணாச்சி வாசலில் வந்து நின்று, ஓடுகிறவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆள் நடமாட்டம் கேட்டேன், அதுக்காக இப்படியாவே?" என்றார்.

பின்பக்கப் படி வழியாக ஓடிய ஒரே ஒருவர் மட்டும் விட்டுப்போன பாயை எடுக்கத் திரும்பி வந்தாராம். பாயை எடுத்துக்கொண்டு, போகாமல் நின்று, "இது கனமா இருக்குமா?" என்று கேட்டாராம். யாரென்று வடிவு சொல்லவில்லை. சொல்கிற மனநிலையில் அவள் இல்லை.

விளம்பரத்தை என் போனிலேயே பார்த்துவிட்டு, அன்னப்பறவையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நான் செய்யுறத ஒளிச்சு வச்சுச் சொல்லுத அளவுக்கு, அது என்ன அசிங்கமான வேலையா?"

விளம்பரத்தை அப்போதே எடுத்துவிட்டேன். 

நவம்பர் 10, திங்கள்

உப்புமா.

நவம்பர் 11, செவ்வாய்

மறுபடியும் உப்புமா. பேச்சு இல்லை. நான் ஒன்றும் வருத்தப்படவில்லை. கடையில் வேலை நிறைய.

நவம்பர் 16, ஞாயிறு

சமாதானத்துக்கு மாடிக்கு டீ கொண்டுபோனேன். சுட்டுக்கொண்டிருந்தாள். சுடும்போது யாரும் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே டீயோடு சுவரோரம் நின்றேன். சும்மா நிற்கத் தெரியாதே, ஒரு படம் எடுத்தேன்.

கடைக்கு வந்து அதைக் கம்ப்யூட்டரில் போட்டேன். திருவாளர் மறுப்புக்கு ஆகாதவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டினேன். குழல் போயிற்று. கை போயிற்று. தோளும், சுடும்போது மாட்டுகிற அந்த விறைப்பான கோட்டும் போயின. கடைசியில் முகம் மட்டும் மிஞ்சியது. எதன் மேலோ கன்னத்தைச் சாய்த்திருக்கிற முகம். அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன்.

இந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை. கேஸ் தீர்ந்ததா, மோட்டார் போட்டாச்சா, யார் கூப்பிட்டார்கள் என்று எந்நேரமும் ஒரு காதைத் தீட்டி வைத்திருக்கிற வடிவுதான் எனக்குத் தெரிந்தவள். இந்த வடிவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. கோவில் குளத்தில் காற்று நின்றுபோன நேரத்துத் தண்ணீர் போல அப்படி ஓர் அமைதி. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தவர், "சார், நீங்களும் அழுதா நாங்க என்ன செய்ய" என்றார். ஏசி காற்று நேராகக் கண்ணில் அடிக்கிறது, திருப்பி வைக்க வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்தேன். படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "நானா இது" என்றாள். பிறகு, "எழுதுறத நான் சொல்லுதேன், நீங்க உங்க அன்னப்பறவைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று அவளே சொல்லச் சொல்ல டைப் அடித்தேன்.

'என் பெயர் வடிவு. வயது நாற்பத்திநான்கு. இந்தப் படம் எடுத்தபோது நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. இது யோகா இல்லை, தியானம் இல்லை. ஒரு விளையாட்டு. என்ன விளையாட்டு என்று போன் செய்து கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வேன். கேட்ட பிறகு வராவிட்டாலும் வருத்தமில்லை.'

அன்னப்பறவைக்கு வந்த அதே பச்சை விளக்கு. ராத்திரி சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம்.

நவம்பர் 18, செவ்வாய்

போன் ஓயவில்லை. ஒருவர், படத்தில் இருக்கிற அம்மா என்ன கிரீம் போடுகிறார் என்று கேட்டார். ஒருவர் பல் ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட்டார். "அந்தம்மா தூங்குதாங்களா?" என்றது ஒரு குரல், பொறாமையோடு.

வடிவு எல்லாரிடமும் ஒரே பதில். "ரைஃபிள் சுடுதேம்மா. ஏர் ரைஃபிள். சொல்லித் தாரேன்." சிலர் அத்தோடு வைத்துவிட்டார்கள். சிலர் பேசாமல் இருந்தார்கள். வைத்துவிட்டார்களோ என்று நாம் நினைக்கிற நேரத்தில், "எத்தன மணிக்குக்கா?" என்று கேட்டார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஒன்பது பேர். தெரிந்துதான் வந்தார்கள், பாய் இல்லாமல்.

ஆண்களுக்கு அனுமதி இல்லை என்பதால் நான் படியில் உட்கார்ந்து காதால் பார்த்தேன். அந்தக் கோட்டையும் அதே விறைப்பான கால்சட்டையையும் மாட்டினால் முழங்கால் மடங்காது. வந்தவர்களில் ரெஜினா டீச்சர் என்று ஒருவர் அதை மாட்டிக்கொண்டு நடந்ததற்கே அரைமணி நேரம் சிரிப்பு. ஒருவர் சுட்டது பக்கத்து வரிசைக்காரியின் அட்டையில் போய் விழுந்து, "ஏ யம்மா, எனக்குப் பத்துப் பாயின்ட்டு, நான் சுடவே இல்ல" என்று அந்தப் பெண் குதித்தார். யாரோ, "நான் எங்க மேனேஜர நெனச்சுக்கிட்டு சுடப் போறேன்" என்றார்கள். வடிவின் குரல் வந்தது.

"வேண்டாம்மா. இங்க யாரையும் நெனச்சுச் சுடக் கூடாது. நெனச்சா கை ஆடும். அவங்கள வெளிய செருப்போட விட்டுட்டு வாங்க."

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. டப் என்று ஒன்று. மறுபடி அமைதி. அத்தனை பெண்கள் ஓரிடத்தில் இருந்தும் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை என்று சாப்பிடும்போது சொன்னேன். குழம்புக் கரண்டி என் பக்கம் திரும்பியது. 

டிசம்பர் 7, ஞாயிறு

பதினெட்டு பேர். அன்று ஓடிய சுருதிப் பெட்டி அம்மாளும் திரும்பி வந்துவிட்டார். பெட்டி இல்லாமல். வகுப்பு முடிந்து இறங்குகிறவர்கள் அண்ணாச்சி கடையில் டபரா, இட்லிக் கொப்பரை என்று எதையாவது எடுக்காமல் போவதில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்துப் புன்னகை மாதிரி ஒன்று செய்தார்.

இருப்பதிலேயே நன்றாகச் சுடுவது யார் என்று வடிவைக் கேட்டேன். "ஒரு அக்கா. அன்னைக்குப் பாயை எடுக்கத் திரும்பி வந்தாங்கல்லா, அவங்கதான். பின்பக்கப் படி வழியா வந்துட்டு அப்படியே போயிருவாங்க." பெயரைக் கேட்டேன். "பேரு எதுக்கு உங்களுக்கு?" என்றாள். வேண்டாம், எனக்கென்ன.

டிசம்பர் 16, செவ்வாய். மார்கழி பிறந்தது

கோலம் போட்டுவிட்டு நேரே மாடிக்கு வந்துவிடுகிறார்கள். கோலமாவுக் கையோடு துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று வடிவு புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். கோவில் பொங்கல் தொன்னையில் எனக்கும் ஒன்று வந்தது. இதையெல்லாம் சந்தோஷமாக எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார்.

"லிங்கம், ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் பாயோட ஓடுனாங்கல்லா, அன்னைக்கே டிபன் சென்டர்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்வே. தை மாசம் வாரான்."

"அண்ணாச்சி, வகுப்பு நெறஞ்சிருச்சே. நீங்க சொன்னதுதான?"

"நெறஞ்சிருச்சு. நான் இல்லங்கல. ஆனா வாக்கு வாக்குதான."

கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம்.  வடிவிடம் சொன்னேன். "மார்கழி முடியட்டும்" என்றாள். "யார்ட்டயும் சொல்லாதீங்க. அவங்க நிம்மதியா சுடட்டும்."

ஜனவரி 4, ஞாயிறு

புது டைரி வந்துவிட்டது. நல்ல வேளை, இன்று எழுத நிறைய இருக்கிறது.

டிபன் சென்டர்காரர் டேப்போடு வந்தார், அடுப்பு எங்கே, தொட்டி எங்கே என்று அளக்க. அண்ணாச்சி என்னையும் இழுத்தார். "நீரும் வாரும்வே, பொம்பளையாள் இருக்கிற எடத்துக்கு நான் மட்டும் எப்படிப் போக." மூவரும் ஏறினோம். வாசலில் வடிவு உதட்டில் விரலை வைத்து, எங்களைச் சுவரோரம் நிறுத்தினாள். "ஒரு ஆள் சுடுதாங்க. முடியுற வரைக்கும் அசையக் கூடாது." டிபன் சென்டர்காரர் டேப்பை நீட்டியது நீட்டியபடி நின்றார்.

எங்களுக்கு முதுகைக் காட்டி, கோட்டு போட்ட ஒரு பெண். துப்பாக்கியைத் தூக்கினார். மூச்சை இழுத்தார், பாதி விட்டார். நின்றார். எதுவும் நடக்கவில்லை. சுடாமல் துப்பாக்கியை இறக்கினார். மறுபடி தூக்கினார். அவசரமே இல்லை. டப். இப்படி ஐந்து முறை. பிறகு கயிற்றை இழுத்து அட்டையை வரவழைத்தார். கறுப்பு வட்டத்தின் நடுவில் ஐந்து ஓட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒரே கிழிசலாக இருந்தது.

துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பினார். உலகம்மை மதினி. அண்ணாச்சியின் மனைவி. கடைக்குப் பின்னால் உள்ள வீட்டிலிருந்து வெளியே வராதவர், ஏதோ கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏட்டி," என்றார் அண்ணாச்சி. "நீயா?"

"மெதுவாப் பேசுங்க. அந்தப் பக்கம் சுடுதாங்க."

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். ஆயிரம் பேர் கூடிய சந்தையிலும் தாழாத குரல் அது. "வீட்டுல இருக்கன்னுலா நெனச்சேன்."

"நீங்க கடையில இருக்கீயன்னு நானும் நெனச்சேன்." பிறகு மதினி டேப்பைப் பார்த்தார். "தம்பி, அடுப்பு எங்கன வைக்கப் போறீய? நான் நிக்கிற எடத்துலயா?"

டேப் சரசரவென்று உள்ளே போய்விட்டது. பின்னாலேயே ஆளும் படியிறங்கிவிட்டார். அண்ணாச்சி அட்டையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரும் இறங்கிப் போனார். கோபமா, என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஜனவரி 7, புதன்

மதினி வகுப்புக்கு வரவில்லை. அண்ணாச்சி என்னோடு பேசவில்லை.

ஜனவரி 10, சனி

இன்றும் வரவில்லை. அவர் நிற்கிற இடத்தில் வேறு யாரையும் வடிவு நிறுத்தவில்லை. "நம்மளால அவங்க வீட்டுல சண்டையாயிட்டோ?" என்று இரண்டு முறை கேட்டாள். மாடி போகிறது என்பதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருக்கிறது. இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். சந்தோஷமாகத்தான் கேட்கிறேன்.

ஜனவரி 14, புதன். போகி

ஊரே பழையதை வெளியே போடுகிறது. வடிவு மாடியில் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் கட்டினாள். ஒரு துப்பாக்கியை மட்டும் கட்டவில்லை. "நாளைக்குக் காலையில ஒரு தடவை சுட்டுட்டுச் சாவியக் குடுத்துருவேன்" என்றாள். பெண்களிடம் இன்னும் சொல்லவில்லை. நான் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். வேறு இடம் பார்க்கலாம் என்றேன். இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தும் அவள், "பாப்போம்" என்றாள்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வாசலில் பொங்கி முடிந்ததும் வடிவு மாடிக்குப் போய்விட்டாள். நான் கடை வாசலில் கரும்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். இனிக்கவில்லை. அண்ணாச்சி புது வேட்டியோடு வந்து பக்கத்தில் நின்றார். 

"வீட்டுல ஒரு சண்டையும் இல்லவே. நான் ஏசுவேன்னு நெனச்சுக்கிட்டு அவளே வகுப்புக்கு வராம இருந்திருக்கா. எனக்கும் எப்படிப் பேச்சை எடுக்கன்னு தெரியல. நேத்து ராத்திரி கேட்டேன், 'ஏட்டி, இத்தன நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல'ன்னு. 'நீங்க என்னைக்கு எங்கிட்ட என்ன செஞ்சன்னு கேட்டீய'ன்னு சொல்லுதா." வேட்டி நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். "கேட்டதில்லதான்வே."

நான் கரும்பை மென்றுகொண்டிருந்தேன். 

"அன்னைக்கு முதுகத்தான பாத்தேன். யாரோன்னு நெனச்சு, யார் பெத்த பிள்ளையோ எப்படி நிக்குன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டு இருந்தேன்வே. திரும்பினா நம்ம வீட்டு ஆளு." அண்ணாச்சி சிரித்தார். கண்ணில் நீர் நின்றது, துடைக்கவும் இல்லை. "டிபன் சென்டர்காரன்ட்ட காலையிலயே பேசிட்டேன். பின்னால குடோன் இருக்கு, அதுல அடுப்பு போட்டுக்கோன்னுட்டேன். மாடி காலி இல்லன்னு சொல்லிட்டேன். போய் உம்ம வீட்டுக்காரிக்கிட்டச் சொல்லும்."

கரும்பு எங்கே போய் விழுந்தது என்று தெரியாது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினேன். டாக்டர் பார்த்திருந்தால் அங்கேயே ஊசி போட்டிருப்பார். வடிவு என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

சுட்டுக்கொண்டிருந்தாள். கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே, கன்னத்தைச் சாய்த்து, ஒரு சலனமும் இல்லாமல். கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டு சுடுகிறாள். அப்படியும் கை ஆடவில்லை.

வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றேன். பக்கத்தில் மேஜை மேல் கிண்ணத்தில் இன்னும் நான்கு குண்டுகள் இருந்தன. முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம்.